மதம் இல்லை, கடவுள் உண்டு: டீயிசத்தை அன்றாடம் கடைப்பிடிப்பது எப்படி?

கடலோரப்பாதை எழுதியது:

இதைப் பற்றித் தமிழில் கதைக்க ஆக்கள் குறைவு. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒரு மூலகாரணம், ஒரு படைப்பாளன் உண்டு என்பது நான் யோசித்து வந்த முடிவு. ஆனால் யாரோ ஒருவருக்கு மட்டும் அருளப்பட்ட வேதம், நேர்த்திக்கு ஈடாகக் கிடைக்கும் அற்புதம், நடுவில் நிற்கும் குருமார் ஆகியவற்றில் நம்பிக்கை இல்லை. இதற்கு டீயிசம் என்று பெயர் என்பது தெரியும். வாசிக்கக் கிடைப்பதெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவோடு நின்றுபோகிறது. அதிலும் வாதம்தான் நிறைய, வழி இல்லை.

எனக்கு வேண்டியது நடைமுறை. கேட்டதைத் தராத கடவுளை ஏன், எப்படி வணங்குவது? ஒரு நாளில், ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்? சுனாமி மாதிரி ஒன்று வந்தால் இந்த நம்பிக்கை என்ன சொல்லும்? கொழும்பில் சைவக் குடும்பத்துக்குள் இருந்துகொண்டு கல்யாணம், பிள்ளைகளின் சமயபாடம், செத்தவீடு இவற்றை எப்படிக் கையாளுவது? கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையை மட்டும் வேறு திரியில் வைத்துக்கொள்வோம்.


முகில்13 எழுதியது:

உலகைச் செய்து முடுக்கிவிட்டு ஒதுங்கிப்போன கடவுள், இதுதான் டீயிசம் என்று எங்கும் எழுதியிருக்கும். அது டீயிஸ்ட்களில் ஒரு சாராரின் நிலை மட்டுமே. ஆங்கில டீயிசத்தின் தகப்பன் என்று சொல்லப்படும் செர்பரி ஹெர்பர்ட் பிரபு 1624இல் வெளியிட்ட 'டி வெரிடாட்டே' நூலில் எல்லா மனிதருக்கும் பொதுவானவை என்று ஐந்து கருத்துகளை வைத்தார். பரம்பொருள் ஒன்று உண்டு. அதை வணங்க வேண்டும். அறமும் பக்தியுமே அந்த வணக்கத்தின் முக்கிய பகுதி. செய்த பிழைக்கு வருந்தித் திருந்த வேண்டும். நன்மை தீமைக்கு இம்மையிலும் மறுமையிலும் பலன் உண்டு. ஒதுங்கிப்போன கடவுளுக்கு இதில் இடமே இல்லை. பின்னால் வந்தவர்கள் சிலர் ஐந்தாவதை விட்டார்கள், சிலர் இரண்டாவதையும் விட்டார்கள். அமெரிக்கப் புரட்சிக் காலத்து எழுத்தாளர் தோமஸ் பெயின் 1794இல் எழுதியபோது ஒரே கடவுளை நம்புவதாகவும், இந்த வாழ்வுக்கு அப்பாலும் இன்பத்தை எதிர்பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு, சமயக் கடமை என்பது நீதி செய்வது, இரக்கம் காட்டுவது, சக மனிதரை மகிழ்விக்க முயல்வது என்று முடித்துக்கொண்டார்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, ஹெர்பர்ட்டின் ஐந்தையும் ஒரு கொப்பியில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுவது. ஒவ்வொன்றின் கீழும், இதற்கு என்னிடம் காரணம் இருக்கிறதா, இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தானா, தெரியவில்லையா என்று குறியுங்கள். மறுமைப் பக்கத்தில் "தெரியாது" என்று எழுதுகிறவரும் டீயிஸ்ட்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே பக்கத்தில் திரும்ப எழுதிப் பாருங்கள். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சைவத்திலோ கிறிஸ்தவத்திலோ தங்களுக்குப் பிடிக்காததைக் கழித்த மிச்சத்தைத்தான் டீயிசம் என்கிறார்கள். வெறும் மறுப்பு இரண்டொரு வருடத்துக்கு மேல் ஒருவரைத் தாங்காது.

"வழி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தது. பெஞ்சமின் பிராங்ளின் 1728இல், 22 வயதில், தன் தனிப் பாவனைக்கு ஒரு வழிபாட்டு முறையை எழுதி வைத்தார். துதி, இயற்கையைப் பற்றிய நூலிலிருந்து ஒரு வாசிப்பு, ஒரு பாட்டு, பிறகு வேண்டுதல், கடைசியில் நன்றி. வேண்டுதல் பகுதியைக் கவனியுங்கள். மனிதர் கேட்கும் பொருள்களில் எது உண்மையில் தமக்கு நன்மை என்று மனிதருக்கே தெரியாது, ஆகவே அவற்றைக் கேட்கத் துணியேன் என்கிறார். கேட்டது ஒன்றே ஒன்று: தீமையை விலக்கி நன்மையைப் பற்றத் தான் எடுக்கும் முயற்சிக்குத் துணை. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வணக்கம் என்பது கடவுளின் மனதை மாற்றச் செய்வதல்ல. நம்முடையதை நேராக்கச் செய்வது.

அவருடைய 13 குண அட்டவணையும் பாவிக்கத் தக்கது. ஏழு நாளுக்கு ஏழு நிரல், 13 குணத்துக்கு 13 நிரை. ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தை மட்டும் இறுக்கிப் பிடிப்பது, மற்றப் பன்னிரண்டையும் இயல்பாக விட்டுத் தவறினால் ஒரு கரும்புள்ளி வைப்பது. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. இதில் பலர் மூன்றாம் வாரத்தோடு நிறுத்துவதற்குக் காரணம், எல்லாக் குணத்தையும் ஒரே நேரத்தில் திருத்தப் போவதுதான். பக்கம் முழுக்கப் புள்ளியாகி மனம் விட்டுப்போகும். நாலு குணத்தோடு தொடங்குங்கள். ஒன்றை உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சேருங்கள். பிராங்ளினின் பட்டியலும் முதலில் 12தான். உமக்குப் பெருமை அதிகம் என்று ஒரு குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) நண்பர் சொன்னபிறகே பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்.


நிழல்மானி எழுதியது:

முகில்13 சொன்னது சரி. நான் நாளும் மாதமும் பற்றிச் சொல்கிறேன்.

காலையில் ஐந்து நிமிடம் போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் அரைவாசியில் கவனம் போய்விடும். மூன்று வசனம். முதலாவது நன்றி, அதுவும் ஒரே ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது ஒரு கிழமையில் தேய்ந்து வெறும் ஒலியாகிவிடும். குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் பெய்த மழை களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே உங்கள் வீட்டுக்கு வருகிறது. மழை ஏன் மலையில் பெய்கிறது, தண்ணீர் ஏன் கீழ்நோக்கி ஓடுகிறது, இரவில் யார் அந்த ஆலையில் விழித்திருந்தார்கள் என்று பின்னோக்கிப் போங்கள். இயற்கை விதியும் மனித உழைப்பும் சேர்ந்துதான் உங்களிடம் ஒரு பொருள் வந்து சேருகிறது. டீயிஸ்டின் நன்றி இந்த இரண்டின் வழியாகத்தான் மூலத்துக்குப் போகும். இரண்டாவது வசனம் இன்றைய கடமை. ஆள், நேரம் இரண்டையும் சொல்ல வேண்டும்: "பின்னேரம் அப்பாவின் மருந்தை வாங்கிக் கொடுப்பேன்." மூன்றாவது, இன்று என் கையில் இல்லாதது எது என்று ஒரு வசனம். இரவில் கொப்பியில் இரண்டு வரி: செய்தேனா, இல்லையென்றால் ஏன்.

எங்கே பிழைக்கும் என்றால், பரீட்சை முடிவு, ஸ்கேன் ரிப்போர்ட், விசா இப்படி ஒன்று வரும்போது. "நல்லபடி முடியவேணும்" என்ற வேண்டுதல் தானாக வாயில் வரும். பயத்தில் கூப்பிடுவது மனித இயல்பு, அதற்காகக் கூச வேண்டாம். பேரம்தான் கூடாது. "இது நடந்தால் நான் அதைச் செய்வேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், நடந்தால் அற்புதம் என்றும் நடக்காவிட்டால் தண்டனை என்றும் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்த வசனத்தை உடனே மாற்றுங்கள்: "ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நாளைக்கு நான் செய்ய வேண்டியது எது?" கடவுளிடம் கேட்பது அறவே கூடாது என்பாரும் டீயிஸ்ட்களில் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மனத்திடத்தைக் கேட்பது வேறு, விளைவைக் கேட்பது வேறு.

மாதத்துக்கு ஒரு தடவை போயா (பௌர்ணமி) விடுமுறை இருக்கிறது. பௌத்தர்களின் புனித நாள், அதை மதித்துக்கொண்டே அந்த அமைதியை நாங்களும் பாவிக்கலாம். அரை நாள் போனை அணைத்துவிட்டு வெளியே போங்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா நல்ல இடம். கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே இப்படிப்பட்ட சதுப்பு நிலங்களால்தான். ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் இருந்து, ஒரே ஒரு உயிரை அவதானித்து, கண்டதை மட்டும் எழுதுங்கள். "அழகு", "அற்புதம்" போன்ற சொற்களை எழுத வேண்டாம். அவை வந்தவுடன் கண் பார்ப்பதை நிறுத்திவிடும்.

இன்னொன்று வருடத்துக்கு இரண்டு தடவை வரும், இதை யாரும் தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கொழும்பு வட அகலக்கோடு 6.9 பாகையில் இருப்பதால் ஏப்ரல் 7 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஏப்ரலில் அது 12.12 அளவில், செப்டெம்பரில் 12.09 அளவில். மொட்டைமாடியில் ஒரு சமமான பலகை, அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரமான நேரான கம்பி. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பி செங்குத்தா என்று பாருங்கள். கம்பி ஒரு பாகை சாய்ந்தாலே 5 மில்லிமீட்டர் நிழல் விழும், பிறகு எல்லாம் பிழை. 12 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைக் குறியுங்கள். அது சுருங்கிச் சுருங்கி அடியில் மறைந்து, மற்றப் பக்கத்தால் வெளிவரும். ஒரு நாள் முந்தினால் அல்லது பிந்தினால் நண்பகல் நிழலில் 2 மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம், ஆகவே முகில் மூடினால் அடுத்த நாள் செய்யலாம். செப்டெம்பரில் தென்மேல் பருவக்காற்று இன்னும் முடிந்திருக்காது, ஏப்ரலில்தான் வாய்ப்பு அதிகம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் நின்றால் இதை முதலே சொல்லிவிடுங்கள்.

இது விஞ்ஞானப் பாடம்தானே, வழிபாடு எங்கே என்று கேட்கலாம். பெயினுக்குப் படைப்புத்தான் கடவுளின் சொல், எந்த மொழிபெயர்ப்பும் கெடுக்க முடியாத வேதம். யாருடைய பூசைக்காகவும் முந்தாத, யாருடைய பாவத்துக்காகவும் பிந்தாத ஒரு ஒழுங்கை உங்கள் கையால் அளந்து பார்க்கிறீர்கள். அதன்பிறகு வரும் ஐந்து நிமிட மௌனத்தை எந்த மந்திரமும் தராது.


எதிர்க்கேள்வி எழுதியது:

நான் டீயிஸ்ட் இல்லை, ஆனால் திரியின் விதியை மதித்து உள்ளே நின்றே கதைக்கிறேன்.

இயற்கையின் ஒழுங்கைக் காட்டிக் கடவுளை நிறுவும் வாதத்தில் ஓட்டை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இந்த வழியில் போவது நல்லது. 1779இல் வெளிவந்த, தத்துவவாதி டேவிட் ஹியூமின் 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்', ஒழுங்கிலிருந்து போனால் அமைப்பாளன் ஒருவனா பலரா, நல்லவனா என்பதுகூடத் தெரியாது என்று காட்டின. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781இல், இந்த வாதம் கூடிப்போனால் ஒரு கட்டடக் கலைஞனைத்தான் தரும், படைப்பாளனைத் தராது என்றார். 1859இல் டார்வினுக்குப் பிறகு கண்ணையும் சிறகையும் காட்டி வாதிடுவது முடிந்துபோனது. இன்று நிற்கக்கூடிய வாதம், விதிகள் என்று ஏன் ஏதாவது இருக்கின்றன என்பது மட்டும்தான். பல பத்தாண்டுகள் நாத்திகத்துக்காக வாதாடிய தத்துவவாதி அன்டனி ஃப்ளூ 2004இல் மனம் மாறி டீயிசத்துக்கு வந்தார், 2007இல் வந்த அவர் நூல் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே போயாவில் கொக்கைப் பார்த்துவிட்டு, யாரோ கீறி வைத்தது போல் இருக்கிறது என்று எழுதாதீர்கள். அது பரிணாமத்தின் வேலை.

என் கேள்வி சுனாமி. 2004 டிசம்பர் 26, அன்றும் போயா. இந்த நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மதவாதிக்கு விதி, கர்மம், சோதனை என்று ஏதாவது சொல் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?


முகில்13 எழுதியது:

டீயிசம் இதே கேள்வியை 1755 நவம்பர் 1ஆம் திகதி போர்த்துக்கலின் லிஸ்பனில் சந்தித்தது. சகல புனிதர் திருநாள், கோயில்கள் நிறைந்திருந்த காலை நேரம். நிலநடுக்கம், பிறகு கடல், பிறகு தீ. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அடுத்த வருடமே ஒரு கவிதையில் உடைத்துப் போட்டார். ஆனால் கடவுளை அவர் விடவில்லை. கடவுளின் சார்பில் சாக்குச் சொல்வதைத்தான் விட்டார். ரூசோ அவருக்கு 1756இல் எழுதிய கடிதத்தில், ஆறு ஏழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்ல என்று சுட்டினார். இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் டீயிசத்துக்கு இரண்டுமே தேவை.

இப்போது 2004க்கு வருவோம். சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது அன்றைய இலங்கை நேரம் காலை 7 மணி ஆகவில்லை. அலை கிழக்குக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மேற்கிலும் தெற்கிலும் இன்னும் பிந்தியது. தென்மேற்குக் கரையில் பெரலியவில் அலையில் சிக்கிய ரயிலில் இருந்தவர்களுக்கு இன்னும் நேரம் இருந்தது, அங்கே மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்து சமுத்திரத்தில் அன்றைக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. பசுபிக்கில் பல பத்தாண்டுகளாக இருந்தது. நிலத்தட்டு நகரும் விதி யாரையும் தெரிந்தெடுத்துக் கொல்லவில்லை. அதே விதிதான் அலை எப்போது வரும் என்று கணக்கிடவும் விடுகிறது. அந்த இரண்டு மணித்தியாலம் எங்களிடம் தரப்பட்டிருந்தது. அதை நாங்கள் பாவிக்கத் தெரியாமல் இருந்தோம். இறந்தவர்கள் பாவிகள், இது கர்மம், இது சோதனை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்பதை ஒரு விடுதலையாகவே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக வரும் கடமை பாரமானது. கரையோரத்தில் வாழ்கிறவர் உயரமான இடத்துக்குப் போகும் பாதையைத் தெரிந்திருக்க வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

இது எல்லாத் துன்பத்துக்கும் விடை இல்லை. யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் குழந்தைக்கு வரும் புற்றுநோய்க்கு இந்தப் பதில் பொருந்தாது. அந்த இடத்தில் டீயிஸ்ட் "தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருக்க வேண்டும். துயரத்தில் இருக்கும் ஒருவரிடம் இயற்கை விதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், மரணப் பதிவுக்கு அலையுங்கள், மூன்று மாதம் கழித்து மற்றவர்கள் மறந்த நேரத்தில் போன் எடுங்கள்.


பொரளைச்சந்தி எழுதியது:

சட்டம், குடும்பம் இரண்டையும் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது, தான் தெரிந்துகொண்ட நம்பிக்கையைக் கொண்டிருப்பதும் அதற்குள் அடங்கும். டீயிஸ்டாக இருப்பதற்கு எங்கும் பதிய வேண்டியதில்லை.

கல்யாணம்தான் மிக இலகு. பொது விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து வைத்தாலே முழுமையான திருமணம். தாலி, ஐயர், மண்டபம் எதுவும் சட்டத்துக்குத் தேவையில்லை. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிரிவில் 10 நாளாவது வசித்திருந்தால் அந்தப் பிரிவுப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கலாம். வேறு வேறு பிரிவென்றால் இருவரும் தனித்தனியே கொடுக்க வேண்டும். 12 நாள் கழிந்ததும் பதியலாம், மூன்று மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவருமே முஸ்லிம்களாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனிச் சட்டம். பலர் செய்யும் பிழை, பதிவை மண்டபத்தில் சடங்கின் நடுவில் ஐந்து நிமிட வேலையாகச் செருகுவது. பதிவையே நிகழ்வாக்குங்கள். இருவரும் தாங்களே எழுதிய உறுதிமொழியைச் சொல்லட்டும், இரு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கொரு வார்த்தை பேசட்டும். அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தால் அரைவாசி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

பள்ளிக்கூடம் கடினம். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடங்களில் ஒன்று. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் இவற்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். பிள்ளையைச் சைவநெறி வகுப்பிலிருந்து மறிப்பதற்குச் சண்டை பிடிக்காதீர்கள், தனிமைப்படுவது பிள்ளைதான். தேவாரத்தை நன்றாகவே படிக்கட்டும், அது தமிழ். வீட்டில் மட்டும் ஒரு பழக்கம் வேண்டும்: "இதைப் பாடியவர் ஏன் இப்படி நினைத்தார், நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பது. உங்கள் முடிவைப் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். தகப்பன் சொன்னதால் டீயிஸ்டான பிள்ளை, ஐயர் சொன்னதால் சைவமான பிள்ளையைவிடச் சிந்தித்து வந்ததல்ல.

செத்தவீட்டுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். இதைக் கடைசி விருப்ப உறுதியில் மட்டும் எழுதுவது பெரிய பிழை. உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி வேண்டும். ஆனால் அதைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். ஆகவே ஒரு பக்கக் கடிதம் எழுதி, மனைவி அல்லது கணவர், மூத்த பிள்ளை, ஒரு நண்பர் மூவரிடமும் பிரதி கொடுங்கள். தகனமா அடக்கமா, எந்தக் கிரியை வேண்டாம், எது நடந்தாலும் பரவாயில்லை என்று மூன்று பகுதியாக எழுதுங்கள். அந்த மூன்றாவது பகுதி முக்கியம். சுண்ணம் இடிப்பதும் அந்தியேட்டியும் உங்களுக்கு வேண்டாம் என்றாலும், அம்மா வாய்க்கரிசி போட விரும்பினால் போடட்டும் என்று எழுதி வைத்தால், அழுதுகொண்டிருக்கும் ஒருவரைக் கொள்கையின் பெயரால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

பொரளை கனத்தை மயானத்தில் தகனத்துக்கு முன்னால் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். இரண்டு நிமிடம் மௌனம், ஏழெட்டு நிமிடத்தில் அவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் ஒருவர், அவருக்குப் பிடித்த ஒரு பாட்டு, அவரால் உதவி பெற்றவர்களில் இருவர் ஒவ்வொரு நிமிடம், பிறகு நன்றி. பேசுபவர் டீயிசத்தை விளக்கவே கூடாது. கண் தானம் என்றால் இலங்கைக் கண்தான சங்கத்தின் இலக்கத்தைக் கடிதத்தின் மேல் வரியில் எழுதுங்கள். மரணம் நடந்து சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுப்பதானால் உயிரோடு இருக்கும்போதே படிவத்தை நிரப்பிக் குடும்பத்தின் சம்மதத்தையும் எடுத்துவிடுங்கள்.


கடலோரப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு. தனியாகச் செய்வது எவ்வளவு நாளுக்கு ஓடும் என்ற பயம் இருக்கிறது. நாலைந்து பேராகக் கூடலாமா, எப்படி? மற்றது, அம்மா என் பேரில் அர்ச்சனை செய்யக் கூப்பிடுகிறா. போகாவிட்டால் மனவருத்தம், போனால் பொய் மாதிரி இருக்கிறது.


நிழல்மானி எழுதியது:

கூடலாம். கூடத்தான் வேண்டும். ஆனால் பாரிஸில் 1797இல் நடந்ததைத் தெரிந்துகொண்டு கூடுங்கள். தியோபிலாந்திரப்பி என்ற பெயரில் அங்கே டீயிஸ்ட்கள் சபை கூடினார்கள். எளிய பீடம், அதன்மேல் காலத்துக்கேற்ற பூவோ பழமோ, மனச்சாட்சியைப் பார்க்க ஒரு மௌனம், ஒரு ஒழுக்க உரை, பாட்டுகள். முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பெயின்கூட அங்கே பேசி, விஞ்ஞானத்தைக் கடவுளை அறியும் வழியாகக் கற்பிக்கச் சொன்னார். ஆனால் அரசாங்கத்தின் செல்வாக்கில் தங்கி, தேவாலயக் கட்டடங்களுக்குள் குடியேறினார்கள். ஆட்சி மாறியதும் 1801இல் நெப்போலியன் அந்தக் கட்டடங்களை மூடிவிட, சபையும் முடிந்தது. ஆகவே கட்டடம் வேண்டாம், உண்டியல் வேண்டாம், தலைவர் வேண்டாம்.

நாலு முதல் எட்டுப் பேர், மாதம் ஒரு தடவை, 75 நிமிடம், முறைவைத்து ஒவ்வொரு வீட்டில். பத்து நிமிடம் மௌனம். இருபது நிமிடம் ஒருவர் தயாரித்து வந்த வாசிப்பு, ஒரு மாதம் இயற்கை பற்றி, அடுத்த மாதம் அறம் பற்றி. அரை மணித்தியாலம் கலந்துரையாடல், இதில் மற்ற மதங்களைத் திட்டுவதற்குத் தடை. இந்தத் தடை இல்லாத குழுக்கள் சீக்கிரமே மதத்தைத் தாக்கும் கூட்டமாக மாறி, பிறகு கலைந்துபோகும். மிச்ச நேரத்தில் ஒரு செயலைத் தீர்மானியுங்கள். நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்தில் சேர்ந்து இரத்தம் கொடுப்பது நல்ல தொடக்கம். நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம், அது குழுவுக்கு ஒரு நாட்காட்டியையும் தருகிறது.

வாசிப்புக்கு எல்லாவற்றையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. வங்காளச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய் 1803-04 அளவில் பாரசீகத்தில் எழுதிய சிறுநூல் அசல் டீயிசம். பின்னாளில் பிரம்ம சமாஜம் ஆன பிரம்ம சபையை அவர் தொடங்கியது 1828இல். "வேண்டுதல் வேண்டாமை இலான்" என்று வள்ளுவர் சொல்வதை ஒரு மாதம் முழுக்க யோசிக்கலாம். சிவவாக்கியரையும் வள்ளலாரையும் வாசியுங்கள், ஆனால் டீயிஸ்ட் என்று பெயர் ஒட்டாதீர்கள். சிவவாக்கியருக்கு நாதன் உள்ளே இருக்கிறான், வள்ளலாருக்கு அருள் நேரடியாக இறங்குகிறது, இரண்டும் டீயிசத்தின் கூற்று அல்ல. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு மட்டும் எந்த நம்பிக்கைக்காரருக்கும் பாடம்.

அர்ச்சனைக்குப் போங்கள். சிட்டையில் பேர், நட்சத்திரம் கேட்டால் கொடுங்கள், அது அம்மாவின் வேண்டுதல், உங்களுடையதல்ல. அந்த நேரத்தில் காலையில் சொல்லும் அதே மூன்று வசனத்தை மனதுக்குள் சொல்லுங்கள், முதல் நன்றி அம்மாவுக்காக இருக்கட்டும். திருநீறு பூசினால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாயால் நேர்த்தி மட்டும் வைக்காதீர்கள். வைக்கச் சொன்னால், "அம்மா, எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை இல்லை, ஆனால் உங்களோடு வர விருப்பம்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வைத்து, முதல் நாளே.